நிபந்தனை ஜாமீன்

கையெழுத்துப் போட ஆகிற நேரம் கொஞ்சம்தான். அதற்காகக் காத்திருப்பதுதான் இப்போது அம்சவேணிக்கு முழுநேர உத்தியோகம். காவல் நிலையத்து வராந்தாவில் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரிசல் காட்டு நடுவில் இருக்கும் இந்த ஊருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உறவில்லை, சிநேகமில்லை, ஆராய்ச்சிக்காகக்கூட வந்ததில்லை. நீதிபதி சொன்ன ஊர், அவ்வளவுதான். மறு உத்தரவு வரும்வரை இங்கேயே தங்கி தினமும் காலையில் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும், வேலைநிறுத்தம் நடக்கிற கம்பெனி இருக்கிற தாலுகாவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவர் வாசித்தபோது, எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து வரைபடத்தில் விரலை ஓட்டியிருப்பார்போல என்று அவளுக்குத் தோன்றியது. எதிர் வரிசை முழுக்க மிளகாய் வற்றல் மண்டிகள். மூட்டை இறக்கும்போதெல்லாம் காரம் காற்றில் ஏறி வந்து தொண்டையைப் பிடித்தது. ஊர்க்காரர்கள் யாரும் தும்மவில்லை. அவளும், உள்ளே லாக்கப்பில் எவனோ ஒருவனும்தான் மாறி மாறித் தும்மினார்கள். முகம் தெரியாத அந்த மனிதன் தும்மும்போதெல்லாம் அவளுக்கு ஒரு ஆறுதல், நாம் இரண்டு பேரும் அசலூர் என்று. சமூகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதற்கு ஒரு பெயர் சொல்லத் தெரியாதா? தெரியும். ஆனால் பெயர் வைத்தால் ஆறுதல் போய்விடும், கண் பட்டதுபோல. அதனால் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கும்போதே கை தானாகப் பைக்குள் போய்ப் போனைத் தொட்டது. இன்னும் வரவில்லை.

இன்று காலை அங்கே முடிவாகிறது. கம்பெனி விடுதிக்குப் பின்னால் இருக்கிற புளியந்தோப்பில் பெண்கள் கூடுகிறார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், பகல் வேலைக்குப் போகிறவர்கள் என்ற பேதம் இப்போது இல்லை, யாருமே வேலைக்குப் போகவில்லை. கம்பெனி கடைசியாக இறங்கி வந்து சொன்னது இதுதான்: விடுதிக் கதவை இனி வெளியிலிருந்து பூட்டுவதில்லை, சாவி உள்ளே பெண்களிடமே இருக்கும், வேலையை விட்டு நிறுத்திய கலைமதியை மறுபடி சேர்த்துக்கொள்வோம், சஸ்பெண்ட் செய்த நாலு பேரில் மூன்று பேர் உள்ளே வரலாம், அஞ்சலாட்சி மட்டும் வரக் கூடாது. அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் அம்சவேணி நேற்று மாலையிலிருந்து சிக்கிக் கிடக்கிறாள். போனில் அஞ்சலாட்சியிடம் எவ்வளவு பேசினாள். 'ஒருத்தியை வெட்டி எடுத்துட்டா மத்தவங்க தானா அடங்கிடுவாங்கன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியும்மா. நாலு பேரும் உள்ள போகணும். இல்லாட்டி ஒப்பந்தமே வேணாம். இதுல விட்டுக்கொடுத்தா அடுத்த வருஷம் சங்கம்னு ஒண்ணு இருக்காது' என்று சொல்லச் சொல்ல, அந்தப் பக்கமிருந்து வந்ததெல்லாம் ஒரு 'ம்'. அடுத்ததற்கும் 'ம்'. கடைசியில், 'முடிஞ்சதும் போன் பண்றேன் ப்ரொபசரம்மா.' அந்த 'ம்' சம்மதமா? மரியாதையா? களைப்பா? பேட்டி எடுத்தே தலை நரைத்தவளுக்கு ஒரு 'ம்' பிடிபடவில்லை. மாணவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், எதிராளி சொல்வதை மட்டும் கேட்காதீர்கள், சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள் என்று. நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். முகத்தைப் பார்க்க விடாமல்தானே இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சரி, முகத்தைப் பார்த்திருந்தால் மட்டும்? அஞ்சலாட்சிக்கு முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கத் தெரியும். சூப்பர்வைசர் முன்னால் பழகிய முகம் அது.

"என்னம்மா, இன்னைக்கும் வெள்ளென வந்துட்டீக?"

பெண் காவலர் முத்துச்செல்வி தூணோரமாக வந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. காக்கிச் சட்டைக்குப் பதில் காக்கிச் சேலை கட்ட அனுமதித்திருந்தார்கள். உட்கார மட்டும் இன்னும் யாரும் அனுமதிக்கவில்லைபோல, எந்நேரமும் நின்றுகொண்டே இருந்தாள்.

"ரைட்டர் வந்துட்டாராம்மா?"

"எங்க? கோர்ட்டுக்குப் போன மனுசன். நீங்க கையெழுத்துப் போடுற நோட்டு அவரு பீரோக்குள்ள, பீரோ சாவி அவரு இடுப்புல. செத்த இருங்க. வாரன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

"நீ உட்காரேன். இங்க இடம் இருக்கு."

"பாத்தா வம்பு" என்று சிரித்துக்கொண்டே முத்துச்செல்வி ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனாள்.

எத்தனை மணி நேரம் டியூட்டி என்று கேட்க வாய்வரை வந்ததை அம்சவேணி கஷ்டப்பட்டு அடக்கியிருந்தாள். இது ஒரு வியாதி. ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பார்த்தாலும், பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்தாலும், ஏன், சிறையில் தன் கைரேகை எடுத்த பெண்ணைப் பார்த்தும் அதைத்தான் கேட்டாள். வேலை நேரம் என்ன, ஓய்வு உண்டா, வீடு எவ்வளவு தூரம். கேட்கிற குரலும் மெதுவாக வராது. அது அப்பா கொடுத்த குரல். பெரம்பூரில் ஒரு மில்லில் தறி ஓட்டினவர் அப்பா. தறிகள் போடுகிற இரைச்சலில் பேச்சு எடுபடாது, ஒருவர் வாயசைப்பை ஒருவர் பார்த்தே அங்கே எல்லாம் பேசிக்கொள்வார்கள், கேலி உட்பட. நாளாவட்டத்தில் காது மந்தமாகிவிட்டது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி ஏதாவது சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. 'இன்னாத்துக்கு செவுத்தாண்ட பேசற, இப்டித் திரும்பிப் பேசு' என்று கத்துவார். அதனால் அந்த வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசினார்கள். உப்பு எடு என்பதைக் கத்தினார்கள், ரகசியத்தைக் கத்தினார்கள், ஒருவரை ஒருவர் கொஞ்சுவதைக்கூடக் கத்தினார்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், 'கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் அம்மா, இது மீன் மார்க்கெட் இல்லை' என்று ஒரு பெரிய பேராசிரியர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு விடுதி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பார்த்தாள். யாரோ வேறு ஒருத்தி பேசுவதுபோல இருந்தது, விட்டுவிட்டாள். குற்றப்பத்திரிகையில் 'உரத்த குரலில் பேசி அரசு ஊழியரை மிரட்டினார்' என்று எழுதியிருந்ததை வக்கீல் படித்துக் காட்டியபோது அவளுக்கு அந்தப் பேராசிரியர் ஞாபகம் வந்தது. மிரட்டவில்லை ஐயா, எங்கள் வீட்டில் உப்பு கேட்பதே இப்படித்தான் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா? அப்பா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மில்லும் போய்விட்டது. அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். வாசலில் நிற்கிற காவலாளிகளில் ஒருவராவது பழைய தறிக்காரர் மகனாக இருப்பார் என்று நினைத்து ஒருமுறை போய்க் கேட்டுப் பார்த்தாள். இருந்தார். வேலை நேரம் என்ன என்று கேட்டாள்.

போன் வரவில்லை. வெயில் வராந்தாவின் முதல் படியில் ஏறிவிட்டது. தோப்பில் நிழல் இருக்கும். அஞ்சலாட்சி இப்போது பேசிக்கொண்டிருப்பாளா? அவளை அம்சவேணி முதன்முதலில் பார்த்தது கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில். கம்பெனி விடுதிகளில் இருக்கும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று அப்போது அலைந்துகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களில் ஒருத்தி மட்டும், சீருடை கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமாக யாரையோ நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரைத்தான். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த பெண். அம்மா இல்லை. அப்பா மறு கல்யாணம் செய்துகொண்டார், தங்கை ஒருத்தி படிக்கிறாள். செல்போனுக்குள் வைக்கிற நகத்தளவு பாகத்தை நாளெல்லாம் பொருத்துவாள். 'இது எந்தப் போனுக்குள்ள போகுதுன்னு தெரியுமா?' என்று கேட்டதற்கு, 'போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லல ப்ரொபசரம்மா' என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்சவேணி அவர்களைப் பார்க்கப் போவாள். விடுதிக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள். மாலை ஆனதும் காவலாளி கதவை வெளியிலிருந்து பூட்டுவான். பூட்டுகிற சத்தம் கேட்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள், கடிகாரம் அடித்ததுபோல. உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று எழுதிப் போட்டிருந்தது. பிறகு கலைமதிக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வால் என்பது அப்புறம் தெரிந்தது. அவள் துடிக்கிறாள், கதவைத் தட்டுகிறார்கள், காவலாளி மேனேஜரைக் கேட்க வேண்டும் என்கிறான், மேனேஜர் போனை எடுக்கவில்லை. விடியும்வரை தட்டினார்கள். உள்ளே வெடித்துவிட்டது. பிழைத்ததே டாக்டருக்கு ஆச்சரியம். தையல் பிரித்து வேலைக்குத் திரும்பினவளிடம், சொல்லாமல் லீவு எடுத்ததால் பெயரை எடுத்துவிட்டோம் என்றார்கள். அன்றைக்குப் பகல் ஷிப்டில் அஞ்சலாட்சி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். அவ்வளவுதான் செய்தாள். ஒன்றும் பேசவில்லையாம். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள்.

அதை நேரில் பார்க்கவில்லையே என்று அம்சவேணிக்கு இன்னும் ஒரு ஏக்கம் உண்டு. வேலைநிறுத்தம் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறாள், காரணங்கள், கட்டங்கள், விளைவுகள். ஆனால் ஒருத்தி எழுந்து நின்றபின் அடுத்தவள் எழுவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறதே, அதை மட்டும் எந்தப் பக்கத்திலும் பிடிக்க முடியவில்லை. மறுநாள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் அவர்களோடு உட்கார்ந்தாள். எழுதுகிறவள் உட்காரலாமா என்று சக பேராசிரியர் ஒருவர் போனில் கேட்டார். முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை என்று சொன்னாள். போலீஸ் வந்து எல்லோரையும் தூக்கியபோது அவளையும் தூக்கினார்கள். வழக்கில் அவள்தான் முதல் குற்றவாளி, பெண்களைத் தூண்டிவிட்டவள். வேலைநிறுத்தம் பற்றி அவள் முன்பு எழுதிய புத்தகத்தையே சாட்சியாகச் சேர்த்தார்கள். விசாரணையின்போது அந்தத் தாலுகா இன்ஸ்பெக்டர் மேஜைமேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் கோடு. 'இந்த எடத்துல "கூட்டு விழிப்புணர்வு"ன்னு எழுதியிருக்கீங்களே மேடம், அப்படின்னா என்ன?' என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவளுக்கு என்னவோ நெகிழ்ந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை அவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததாக அவளுக்குத் தகவல் இல்லை. வகுப்பு எடுப்பதுபோல விளக்கமாகச் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துவிட்டார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் சிறையில் பாய் மெல்லிசு. முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு படுத்தபோது பயமில்லை, ஆச்சரியம். பயம் வெளியே வந்த பிறகுதான். தம்பி வந்து ஜாமீனில் எடுத்துப்போகிற வழியில், காரை ஓட்டிக்கொண்டே, 'அந்தப் பொண்ணுங்களுக்கு இதுக்கப்புறம் எவன்க்கா வேலை குடுப்பான்?' என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இந்த ஊர் வரைக்கும் அவள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். காலையில் லாட்ஜ் அறையில் பல் தேய்க்கும்போது அது கூடவே நிற்கிறது. எனக்குப் பென்ஷன் வருகிறது. எனக்குப் புத்தகம் இருக்கிறது. நான் சிறைக்குப் போனால் கண்டன அறிக்கை விட ஆட்கள் இருக்கிறார்கள். அஞ்சலாட்சிக்கு? நாலு பேரும் உள்ளே போகவேண்டும் என்று நான் சொல்வது அவளுக்காகவா, இல்லை, என் மனசுக்காகவா? மனசுக்காக இருந்தாலும் சரியானது சரிதானே? சரிதான். நிச்சயமாகச் சரிதான். அப்புறம் ஏன் இந்தக் கை போனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.

அடிவயிறு முட்டியது. இங்கே வருகிற நாளெல்லாம் காலையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொள்வாள், காரம் தொண்டையில் இறங்கினதும் குடித்துவிடுவாள். முத்துச்செல்வி மறுபடி வெளியே வந்தபோது, கழிவறை எங்கே என்று அவளிடம் தயங்கிக் கேட்டாள்.

"நிலையத்துல இருக்கிறது பூட்டிக் கெடக்கும்மா, தண்ணி வாரதில்ல. வாங்க, பின்னால குவார்ட்டர்ஸுல என் வீட்டுக்குப் போவோம். நானும் போகணும்."

இருவரும் வேப்பமரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்தார்கள், ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு. திரும்பி வரும்போது முத்துச்செல்வி ஒரு மரத்தடியில் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கிடாதீக. நீங்க சங்கம் வைக்கச் சொன்னதுக்குத்தான உங்களைப் பிடிச்சாக?"

"ஆமா."

"எங்களுக்கெல்லாம் சங்கம் கெடையாதாம்மா?"

அம்சவேணி அவளைப் பார்த்தாள். முத்துச்செல்வி சிரிக்கவில்லை.

"போன வாரம் மந்திரி வாராருன்னு பைபாஸ்ல நிக்க விட்டாக. காலைல நின்னது, அவரு வரவே இல்ல. ஒதுங்க ஒரு எடம் இல்ல. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. எங்க அத்தை பாத்துட்டு அழுதுட்டாக. ஒரு வார்த்த சொல்ல ஆளு இல்லம்மா எங்களுக்கு."

உள்ளுக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. எந்தச் சட்டத்தில் போலீஸுக்குச் சங்கம் மறுக்கப்பட்டிருக்கிறது, எந்த மாநிலத்தில் அனுமதித்தார்கள், எந்தக் காலத்தில் இங்கேயே முயன்று பார்த்தவர்களை வேலையை விட்டு எடுத்தார்கள். ஒரு பாடமே நடத்தலாம். வாய் திறந்தவளுக்கு, திறந்த வாயோடு நிற்பது தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் இருக்கும். இவளுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வார்த்தை இவளை எங்கே கொண்டுபோய் விடும்?

"சட்டத்துல இடமில்லைம்மா" என்றாள். "ஆனா பிரசவ லீவு உன் உரிமை. நிக்க முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா பந்தோபஸ்துக்குப் போடக் கூடாது. எழுதிக் கேளு."

"கேட்டா டிரான்ஸ்பர் போட்டுருவாக."

"போடுவாங்க" என்றாள் அம்சவேணி. முத்துச்செல்வி, "எங்க அண்ணன் பொண்டாட்டியும் போலீசுதான். நாங்க நாலஞ்சு பேரு சேந்து போய் அம்மாகிட்ட சொல்லலாம்னு ஒரு நெனப்பு. டி.எஸ்.பி. அம்மாகிட்ட. சேந்து போனா குத்தமா?" என்று கேட்டாள்.

"குத்தமில்ல."

"அதுக்குப் பேரு சங்கம் இல்லேல்ல?"

"இல்லவே இல்ல" என்று அம்சவேணி சொன்னாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெஞ்சுக்குத் திரும்பியபோது பயம் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நேரமா? முடிவாகியிருக்க வேண்டுமே. ஆகவில்லை என்றால் சங்கம் பிளந்திருக்கிறது. ஒப்பந்தம் வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம். கலைமதி எந்தப் பக்கம் நிற்பாள்? வயிற்றில் தழும்போடு, வீட்டில் கடனோடு, அவள் வேண்டும் என்றுதான் சொல்வாள், சொன்னால் தப்பா? அஞ்சலாட்சியைக் கைவிட்டுவிட்டு உள்ளே போனாள் என்று நாளைக்கு ஒருத்தி சொல்வாள். ஒரே பாயில் படுத்தவர்கள் முகம் கொடுக்காமல் போவார்கள். அப்படிப் பிளந்துபோன சங்கங்களைப் பற்றி அவள் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாள், நல்ல அத்தியாயம், மேற்கோள் காட்டுவார்கள். அல்லது போலீஸ் வந்துவிட்டதா? தோப்புக்குள் வேன் வந்து நின்றால் ஓட வழி இல்லை, ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் கால்வாய். இல்லை, அப்படி ஆகியிருந்தால் வக்கீல் கூப்பிட்டிருப்பார். நான் அங்கே இருந்தால் ஒரு வார்த்தை பேசி ஒன்றுசேர்த்திருப்பேன். இருந்தால். அவள் இல்லாமலே அந்தத் தோப்பில் வெயில் ஏறுகிறது, அவள் இல்லாமலே யாரோ எழுந்து பேசுகிறார்கள், அவள் இல்லாமலே கை தூக்குகிறார்கள். அந்த நினைப்பு நெஞ்சில் எங்கேயோ குறுக்கே நின்றது. பிள்ளை இல்லாதவள். இந்தப் பெண்களை மகள்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, மேடையில் அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். ஆனாலும்.

ரைட்டர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்கம்மா, ரொம்ப நேரமாச்சோ? ஜட்ஜ் லேட்டு, நான் லேட்டு, நீங்க லேட்டு" என்று பீரோவைத் திறந்தார். பேனாவை வாங்கி அவள் குனியும்போது கக்கத்தில் பை அதிர்ந்தது. போன். "மொதல்ல கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசுங்க, ஸ்டேஷனுக்குள்ள பேசக் கூடாது" என்றார் ரைட்டர், கடுமையாக இல்லை, பழக்கமாக. பெயரை எழுதினாள். 'வேணி'யில் ஒரு சுழி கூடிப்போய்விட்டது. அதிர்வு நின்றுவிட்டது. வெளியே வந்து, படி இறங்கி, மண்டிகளைத் தாண்டி ஒரு மருந்துக்கடை நிழலில் நின்று அவளே கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். பிறகு அஞ்சலாட்சி கொஞ்சம் தள்ளி வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"ப்ரொபசரம்மா, முடிஞ்சிருச்சி. ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கெழம எல்லாரும் உள்ள போறாங்க."

"எல்லாருமா?"

"என்னைய வுட்டுட்டு."

அம்சவேணிக்கு முகம் சூடாயிற்று. "யாரு சொன்னது? யாரு முதல்ல பேசுனது? கலைமதியா?"

"கலைமதி அழுவுறா. அவ வேலைக்கே போவ மாட்டேன்னு சொல்லிட்டா, நாலு பேரையும் சேத்தாத்தான் போவேன்னு. ஒருத்திகூட சரின்னு சொல்லல ப்ரொபசரம்மா. எல்லாரும் நீங்க சொன்னதத்தான் சொன்னாங்க. நான்தான் எழுந்திரிச்சிச் சொன்னேன், என்னைய வுட்டுட்டுப் போங்கன்னு. கதவு சாவி உள்ள வரட்டும், கலைமதி உள்ள போவட்டும், நீங்க உள்ள இருந்தாத்தான் சங்கம், வெளிய ரோட்டுல கெடந்தா அது சங்கமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் சண்ட. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க."

"நேத்து ராத்திரியே இதை முடிவு பண்ணிட்டியா?"

"ம்."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அஞ்சலாட்சிக்குக் கேட்டுவிட்டது.

"கேட்டுருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நீங்க சொன்னா என்னால மீற முடியாது. அதான் கேக்கல."

ரோட்டில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டே இருந்தது, ஒருவன் பக்கவாட்டைத் தட்டி வா வா என்று கத்திக்கொண்டிருந்தான். தப்பு, இது தப்பான முடிவு என்று அம்சவேணிக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது, காரணங்களோடு, வரிசையாக. அடுத்த வருஷம் இன்னொருத்தியைக் கழிப்பான், அதற்கடுத்து இன்னொருத்தியை. அந்தக் குரல் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அங்கே தோப்பில் அவ்வளவு பேர் சேர்ந்து, சண்டை போட்டு, அழுது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். யாரையும் கேட்கவில்லை. அவளைக்கூடக் கேட்கவில்லை. நெஞ்சில் குறுக்கே நின்றது இன்னும் நின்றது. வலித்தது. வலிக்கிற இடத்திலேயே வேறென்னவோ ஒன்றும் இருந்தது, அதற்குப் பெருமை என்று பெயர் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அதில் அவள் பங்கு ஒன்றும் இல்லை.

"நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"தெரியல. தங்கச்சிக்குப் பீஸு கட்டணும். வேற கம்பெனில கேக்கணும், பேரு தெரிஞ்சா சேக்க மாட்டானுங்க." "இவ்ளோ நேரம் நல்லாத்தான் இருந்தேன் ப்ரொபசரம்மா. எல்லாரும் கட்டிப் புடிச்சிக்கிட்டாளுங்க, அப்பக்கூட நல்லாத்தான் இருந்தேன்…"

அதோடு பேச்சு நின்றது. முதலில் மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு அழுகை. முகத்தில் எதையும் காட்டாத அந்தப் பெண் சத்தம் போட்டு அழுதாள். அம்சவேணிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ வந்தது. வக்கீலிடம் பேசலாம், உன் வழக்கைத் தனியாக நடத்தலாம், வேலை நான் பார்க்கிறேன், நீ செய்தது… எல்லாம் வாய் வரைக்கும் வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"உக்காருங்கம்மா. என்ன, ஏதும் கெட்ட சேதியா?"

அவள் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு, "இல்லைங்க, நல்ல சேதிதான்" என்றாள். மறுபடி கையை எடுத்துவிட்டு, அஞ்சலாட்சி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் தெருவின் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் அம்சவேணி போனை வைக்கவில்லை.